அக்கினி மூலையோடு சிங்கப்பூர் போன வீட்டு லாரி

"புள்ள படிச்சது பள்ளிக்கூடத்துல, வண்டி ரிப்பேரு படிக்கிறது பட்டறையில. நீ இத விக்கப் போறதில்ல அஞ்சல, வெறகாத்தான் எட போடப் போற" என்றார் எங்கள் தோட்டத்துக் கிராணியார். ஆபீசில் கணக்கெழுதுகிறவர், தோட்டத்தில் நடக்கும் எல்லாவற்றுக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பார். அவர் இதைச் சொன்னபோது நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். வாயில் இரண்டு போல்ட்டு கவ்வியிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த வண்டியை விற்கத்தான் நான் சிங்கப்பூருக்குப் போனேன்.

வண்டியின் கதை சின்னதுதான். ஜப்பான்காரன் வருவதற்கு முந்தி, எங்கள் ஜொகூர் தோட்டத்துப் பெரிய துரை ஒரு லாரியின் முதுகில் பலகை வீடு கட்டி வைத்திருந்தார். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, துணி மாட்ட அலமாரி. விடுமுறை வந்தால் அதில் ஏறிக் கடற்கரைக்கு மீன் பிடிக்கப் போவார். ஓட்டியவர் என் அப்பா. தோட்டத்தில் அதற்கு வீட்டு லாரி என்று பெயர். சண்டைக்காலம் முழுதும் அது ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கிடந்து உளுத்தது. துரை கடைசியாகக் கப்பல் ஏறியபோது அதை அப்பா பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதை வைத்து என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. பல வருடம் அதில் கோழிகள் முட்டையிட்டன.

பிறகு தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். புதிய முதலாளிக்கு எங்கள் லயன் வீடுகள் இருந்த இடம் வேண்டுமாம். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார்கள். அப்பாவுக்குக் கண்ணில் புரை. லாரி வேலையும் போயிற்று. டவுனுக்கு வெளியே ஒரு துண்டு நிலமும் அதில் ஒரு பலகை வீடும் விலைக்கு வந்தது. நிலக்காரர் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருப்பதாகச் சொன்னார். எங்களிடம் விற்பதற்கு இருந்தது வீட்டு லாரி ஒன்றுதான்.

அது இப்படி ஆகும் என்று எட்டு மாதத்துக்கு முன்பே எனக்குத் தோன்றியிருந்தது; அப்போதே கோழிகளை விரட்டிவிட்டு வண்டியைப் பழுதுபார்க்கத் தொடங்கினேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். ஆங்கிலப் பள்ளியில் சீனியர் தேர்வு வரைக்கும் போய், தோட்டத்துப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். வண்டிப் பெட்டிக்குள் எலி கடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடந்தது, இஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பது பற்றி. நான் படித்துச் சொல்வேன். அப்பா காது கொடுத்துக் கேட்டு, "அந்தப் புஸ்தகக்காரனுக்கு அனுபவம் பத்தாது" என்பார். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு மெக்கானிக் ஆனோம். தரைக்குச் செங்கால் மரப் பலகை, கூரைக்குப் புதுத் தகடு, கட்டிலுக்குக் கீழே நான்கு இழுப்பறை. எல்லாம் என் கையால் அறுத்து இழைத்தவை. இழுப்பறைக் கைப்பிடிகளில் ரப்பர் இலை செதுக்கியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை விடியலில் கிளம்பினோம். ஓட்டியது நான், பக்கத்தில் அப்பா. அம்மா தம்பிகளோடு வாசலில் நின்றாள். "விக்கலன்னா அப்படியே திருப்பி ஓட்டிட்டு வா. அதுலயே குடியிருந்துக்கலாம்" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

எல்லையில் மலாய் அதிகாரி ஒருவர் வண்டிக்குள் ஏறிப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். இறங்கிவந்து மலாயில் கேட்டார்: "இது வண்டியா, வீடா? வீடு என்றால் கதவு எண் எங்கே?"

"விற்ற பிறகு வாங்குகிறவர் ஒட்டிக்கொள்வார்" என்றேன். முத்திரை குத்தினார்.

சிங்கப்பூருக்குக் கடல் மேலே போகிற பாலத்தில், இடது பக்கம் ரயில் தண்டவாளமா வலது பக்கம் தண்டவாளமா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. பிரேக்கை மட்டும்தான் கவனித்தேன். புக்கிட் பாத்தோக் ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து ஆவி விட்டது. பக்கத்துக் காய்கறித் தோட்டத்திலிருந்து ஒரு சீன அம்மாள் இரண்டு நீர்க்குடுவைகளைத் தோள்கம்பில் சுமந்துகொண்டு வந்தார். கேட்காமலே ஒன்றை எங்களிடம் வைத்துவிட்டு, மற்றதைத் தம் கீரைக்கு ஊற்றப் போனார். நான் கொடுத்த காசை வாங்கவில்லை. வண்டியின் சன்னல் திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தார். மொழி புரியவில்லை, தையல் நன்றாக இருக்கிறது என்று சொன்னதாக நானே வைத்துக்கொண்டேன்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்பாவின் பழைய சிநேகிதர் மாவு மில் வைத்திருக்கிறார். முன்வெளியில் வண்டியை நிறுத்த இடம் கொடுத்தார். வண்டியின் இடப்பக்கம் சந்தை ஒட்டி நின்றது. மிளகாய் அரைக்கும்போது எல்லாருக்கும் தும்மல் வந்தது. மில்காரர் மட்டும் தும்மவில்லை. "முப்பது வருசமாச்சு தங்கச்சி, மூக்கு ரிட்டயராயிருச்சு" என்றார்.

இரவுச் சாப்பாட்டுக்கு வாழையிலையில் சோறும் சுறாப்புட்டும். எங்கள் தோட்டத்தில் ஒரு கறி கேட்டால் ஒரு கறிதான் வரும். இங்கே கேட்காமலே இரண்டாவது முறை ரசம் ஊற்றினார்கள். அப்பா இலையை மூடாமல் வெகுநேரம் வைத்திருந்தார், இன்னும் ஏதாவது வருமா என்று பார்க்க.

புதன்கிழமை பத்து மணிக்கு, ஆங்கிலப் பத்திரிகையில் நான் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்துக் கடிதம் எழுதியிருந்த வெள்ளைக்காரச் சார்ஜெண்டும் அவர் மனைவியும் வந்தார்கள். சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். அவர் சக்கரத்தை உதைத்தார், அந்த அம்மாள் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, "யார் செய்தது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். நம்பாமல் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். காய்ப்பு இருந்தது. விற்றாயிற்று என்று எனக்குள் ஒரு குதூகலம்.

அப்புறம் சார்ஜெண்டு கேட்டார்: "தண்ணீர்த் தொட்டி முன்னால் இருக்கிறது. அடுப்பு ஏன் பின்னால், இடது கோடியில்? ஒரு வாளி தண்ணீருக்கு வண்டி முழுதும் நடக்கவேண்டுமே."

அப்பாவிடம் தமிழில் சொன்னேன். அப்பா மிகுந்த பெருமையோடு, "அக்கினி மூலைன்னு சொல்லு பாப்பா" என்றார்.

சொன்னேன். தென்கிழக்கு மூலையில்தான் அடுப்பு இருக்கவேண்டும், அதுதான் எங்கள் வழக்கம் என்று ஆங்கிலத்தில் அழகாக விளக்கினேன். துரை வைத்திருந்த அடுப்பு ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அம்மா அதைப் பார்த்த முதல் நாளே, "தப்பான மூல, அதான் இந்த வண்டி உருப்படல" என்று சொல்லிவிட்டாள். நானும் சரியென்றேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பள்ளிக்கூடத்துத் திசைகாட்டியை எடுத்துவந்து, வண்டித் தரையில் வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு, தென்கிழக்கை அணுவும் பிசகாமல் கண்டுபிடித்தேன். பழைய தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிவிட்டு அந்த மூலையில் அடுப்பு மேடை கட்டினேன். புகை போக அதற்கு நேரே, மேல்நோக்கித் தூக்கி நிறுத்தும் பலகைச் சன்னல் ஒன்றும் வைத்தேன்.

சார்ஜெண்டு முழுதும் கேட்டுவிட்டு, சாதுவாக ஒன்று கேட்டார். "வண்டி திரும்பினால் தென்கிழக்கு எங்கே போகும், மிஸ்?"

கொட்டகைக்குள் வண்டி எட்டு மாதமும் மேற்கே மூக்கை நீட்டி நின்றது. அதனால் பின் இடது கோடி தென்கிழக்கு. சிங்கப்பூரை நோக்கித் தெற்கே திரும்பிய நிமிடமே அடுப்பு ஈசானிய மூலைக்குப் போய்விட்டது. வழியெல்லாம் சாமி மூலையில் நெருப்பை வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறோம். சீனியர் தேர்வில் பூகோளத்தில் எனக்கு நல்ல மதிப்பெண்.

அவர் சிரித்ததில் கெட்ட எண்ணம் இல்லை. அவர் மனைவியும் முழங்கையால் அவரை இடித்தார். ஆனால் வாங்கவில்லை. அடுப்பை முன்னால் மாற்றி, குழாயை ஒழுங்கு செய்தால் எழுதுங்கள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். எங்களுக்கு அடுத்த மாதம் என்று ஒன்று இருக்கவில்லை.

"என்ன சொல்றாரு?" என்றார் அப்பா.

"திசை சரியில்லயாம்."

"பாத்தியா, அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார் அப்பா.

வியாழக்கிழமை காலை ஜாலான் புசாருக்கு நடந்தே போனேன். நடந்து போகிற தூரம்தான். அந்தச் சாலை முழுக்க இரும்புக் கடைகள். எங்கள் டவுனில் ஒரு கடையில் ஆணி, அரிசி, செருப்பு மூன்றும் விற்பார்கள். இங்கே ஒரு கடையில் ஆணி மட்டும். அடுத்த கடையில் போல்ட்டுக்குப் போடும் வாஷர் மட்டும். தண்ணீர்க் குழாயும் அதற்கான இணைப்புகளும் வாங்கினேன், அடுப்பை முன்னால் மாற்ற. மாற்றிவிட்டு, சார்ஜெண்டு வீட்டு வாசலிலேயே போய் நிற்பது என்று தீர்மானம்.

குழாய்க் கடைக்குப் பக்கத்தில் பழைய வண்டிகள் உடைக்கிற முற்றம். அதன் தவுக்கே, பனியனும் அரைக்கால் சட்டையுமாக இருந்த சீன முதலாளி, என்னோடு வந்து வீட்டு லாரியைப் பார்த்தார். அச்சைத் தட்டினார். "இஞ்சின் வாங்குவேன், அச்சு வாங்குவேன். மேலே இருக்கிற வீடு விறகு" என்று மலாயில் சொன்னார். கிராணியார் மலாய் பேசியது போல இருந்தது. அவர் சொன்ன விலைக்கு நிலத்தில் பாதி வராது. "சனிக்கிழமை வரைக்கும் இந்த விலை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் முற்றத்தில், சிவப்புச் சிலுவை மங்கிப்போன ராணுவ ஆம்புலன்ஸ் ஒன்று நின்றதை நான் கவனித்திருந்தேன். ஆனால் அப்போது மனம் வேறெதிலும் போகவில்லை.

மதியம் மழை பிடித்தது. சிங்கப்பூர் மழைக்கு முன்னறிவிப்புக் கிடையாது. நான் ஸ்பேனரோடு அடுப்பைக் கழற்ற உட்கார்ந்தேன். அப்பா, "கழட்டறதுக்கு முந்தி ஒரு தண்ணி போடு பாப்பா" என்றார். பம்ப் அடித்து அடுப்பை ஏற்றி, புகைச் சன்னலைத் தூக்கிக் கம்பு கொடுத்து நிறுத்தி, இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணிக்குக் கொதிக்க வைத்தேன்.

இஞ்சி வாசனை சந்துக்குள் போயிருக்க வேண்டும். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்த நாலு பேர், தூக்கி நின்ற அந்தப் பலகைக்குக் கீழே ஒண்டினார்கள். ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா, ரெண்டு தே, பாலில்லாம ஒரு கோப்பி ஓ" என்றார்.

"இது கடை இல்லைங்க" என்றேன்.

"கடை இல்லாம எதுக்கு லா சன்னல் தெறந்து வச்சிருக்கீங்க?"

அதற்குள் அப்பா இரண்டு டம்ளரை நீட்டிவிட்டார். மழை விடுவதற்குள் பன்னிரண்டு பேர் வந்து போனார்கள். நான் அடுப்பின் முன்னால் நின்ற இடத்திலிருந்து ஓர் அடி நகரவில்லை. கை நீட்டினால் சந்து. டம்ளர் போகிறது, காலி டம்ளர் வருகிறது. வண்டிகள் எல்லாம் சாலையின் இடப்பக்கம்தானே நிற்கும்? அப்படியென்றால் எந்தச் சாலையில் எந்தத் திசை பார்த்து நின்றாலும், இந்த அடுப்பு நடைபாதைப் பக்கம்தான் இருக்கும். சார்ஜெண்டின் கேள்விக்கு ஒருநாள் தாமதமாக எனக்கு விடை கிடைத்தது.

ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

கடைசியாகத் தேநீர் குடித்தவரின் கால்சட்டை முழங்கால் வரை சேறு. "எங்க வேலைண்ணே?" என்று கேட்டேன்.

"ஜூரோங்ல தங்கச்சி. சதுப்ப நெரவுறோம். அங்க ஒரு கோப்பிக் கடகூட கெடையாது. சோறு இங்கருந்து லாரில வருது. வந்து சேர்றப்போ சோறும் ஆறிப்போவும், நாங்களும் ஆறிப்போவோம்."

"யாரு அனுப்புறாங்க?"

"ஜாலான் புசார்ல மதலேன் அக்கா மெஸ்ஸு. கேட்டா யாரும் காட்டுவாங்க."

வெள்ளிக்கிழமை காலை அங்கே போனேன். மதலேன் அக்கா நாற்பது வயதுக்காரர். கழுத்தில் சிலுவை, இடுப்பில் சாவிக்கொத்து, கையில் கரண்டி. வெள்ளிக்கிழமை என்பதால் அவர் சமையலறையில் இறைச்சி கிடையாது. அதற்கு வாசலில் ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "அக்கா, நான் முருகன் கோயிலுக்குப் போறவன், எனக்கு எதுக்கு உங்க விரதம்?" அக்கா திரும்பாமலே, "மீனு முருகனுக்கு ஆவாதா? உக்காந்து சாப்புடு" என்றார். அவர் உட்கார்ந்து மூன்று முறை சோறு வாங்கினார்.

அடுப்போடு இந்த வண்டியே போனால் சோறு சூடாக இறங்கும் என்று நான் சொன்னதும் அக்கா கரண்டியோடு மில்லுக்கு வந்து வண்டியில் ஏறினார். அடுப்பு முன்னால் நின்றார். சன்னலைத் தூக்கினார், இறக்கினார். கையை வெளியே நீட்டிப் பார்த்தார். பிறகு கட்டிலைக் கரண்டியால் தட்டினார்.

"இது எதுக்கு?"

"படுக்கறதுக்கு, அக்கா."

"எம்பது பேரு பசியோட நிக்கறான். யாரு படுக்கப் போறா? இத எடுத்துட்டு அந்த எடத்துல அண்டா வைக்கணும், இன்னொரு அடுப்பு வைக்கணும். எடுப்பியா?"

இழுப்பறைக் கைப்பிடிகளைப் பார்த்தேன். ஒவ்வொரு இலைக்கும் ஒரு மாலைப்பொழுது போயிருந்தது.

"எடுப்பேன்" என்றேன்.

"நாளைக்கு ஜூரோங்குக்கு ஓட்டிட்டு வா. சோறு சூடா எறங்குச்சுன்னா வண்டி எனக்கு. எறங்கலன்னா உங்கப்பாவுக்கும் சேத்து ஒரு சாப்பாடு போட்டு அனுப்பறேன்."

அன்று மாலை விளக்கு வைப்பதற்குள் கட்டிலைப் பிரித்து, அதே பலகையில் அண்டா உட்கார வளையம் வைத்த மேடை அடித்தேன். தண்ணீருக்கு நடக்கவேண்டும் என்ற சார்ஜெண்டின் குறையும் மனதில் இருந்தது. வாங்கி வைத்திருந்த குழாயைத் தொட்டியிலிருந்து அடுப்பு வரைக்கும் இழுத்துவிட்டேன். கைப்பிடிகளை மட்டும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மில்காரர் பார்த்துவிட்டு, "அத எதுக்கு?" என்றார். அடுத்ததுக்கு என்று வாயில் வந்துவிட்டது. எந்த அடுத்தது என்று எனக்கே அப்போது தெரியாது.

சனிக்கிழமை. ஜூரோங்குக்குச் சாலை என்று ஒன்று பாதிவரைதான் இருந்தது. மீதி செம்மண் குழம்பு. வேலை நடக்கிற இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பின்சக்கரம் புதைந்துவிட்டது. அக்கா உள்ளே அண்டாவைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சல, சாம்பார் ஆடுது, வண்டி ஆடல" என்றார். மணி பதினொன்றரை. தவுக்கேயின் விலை அன்றைக்கு மாலையோடு முடிகிறது. மறுநாள் நிலக்காரரின் கெடு.

அப்பா இறங்கி, கையால் தடவிச் சேற்றின் ஆழம் பார்த்தார். "பின்னாடி ரெண்டு பலகை குடு, முதல் கியர்ல வை, அழுத்தாத" என்றார். பலகைக்கு எங்கே போவது? கட்டிலில் மிஞ்சியவை இரண்டு உள்ளே இருந்தன. சக்கரத்துக்கு அடியில் கொடுத்தோம். அதற்குள் வாசனை பிடித்துப் பத்திருபது பேர் ஓடிவந்து பின்னால் தோள் கொடுத்தார்கள். "சோத்த தள்ளுங்கடா" என்று ஒருவர் கத்த, வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. நான் துரையின் கட்டில் மேல்தான் ஏறி வந்தேன்.

சன்னலைத் தூக்கினோம். முதல் தட்டை வாங்கியவர் சோற்றில் விரலை வைத்து வெடுக்கென்று எடுத்தார். "சுடுது" என்றார். பின்னால் நின்ற வரிசைக்குத் திரும்பி இன்னொரு முறை, "சுடுது லா" என்றார். எண்பது பேருக்கும் இறக்கி முடித்தபோது அண்டாவில் ஆவி இருந்தது.

அக்கா என்னைப் பார்க்காமல் கரண்டியைக் கழுவிக்கொண்டே, "பத்திரம் எழுது" என்றார்.

எழுதினேன், ஆங்கிலத்தில், என் கையெழுத்தில், ஓர் அடித்தல் இல்லாமல். மேலே அப்பாவின் கைநாட்டு, கீழே அக்காவின் கைநாட்டு. நடுவில் இருந்த அத்தனை வார்த்தையும் என்னுடையவை. அப்பா தம் பெருவிரல் மையைத் துடைக்காமல் வெகுநேரம் வைத்திருந்தார்.

பணம் வந்ததும் அக்கா இன்னொன்றும் சொன்னார். "ரெண்டு மாசத்துல பக்கத்துலயே இன்னொரு வேல தொடங்குது. அங்கயும் சோறு போடணும். இதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு குடுப்பியா? பாதி முன்பணம் தர்றேன்."

சாயங்காலம் நேரே தவுக்கேயிடம் போனோம். விறகை விற்க வந்தேன் என்று நினைத்து எழுந்தார். நான் ஆம்புலன்ஸைக் காட்டினேன். அப்பா மூடியைத் திறந்து, காதை வைத்து, இஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார். "உசுரு இருக்கு" என்றார். ஒரு பெண் பேரம் பேசுகிறாளே என்று தவுக்கே நான் முடிக்கும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார். முடித்த பிறகு சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லையில் அதே மலாய் அதிகாரி. ஆம்புலன்ஸைச் சுற்றிவந்தார். "போனபோது வீட்டைக் கொண்டுபோனாய். வரும்போது ஆஸ்பத்திரியைக் கொண்டுவருகிறாய். அடுத்த வாரம் பள்ளிவாசலா?"

"அடுத்தது சாப்பாட்டுக் கடை" என்றேன்.

நிலக்காரர் பொழுது சாய்வதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார். இப்போது இதை அந்தப் பலகை வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வந்த அன்றே அம்மா ஆம்புலன்ஸுக்குள் எட்டிப் பார்த்து, "அடுப்பு எங்க வைக்கப் போற?" என்று கேட்டாள். நான் திசைகாட்டியை எடுக்கவில்லை. வண்டியை முன்னும் பின்னும் எடுத்து, வீட்டுக்குப் பின்னால் மூக்கு மேற்கே பார்க்க நிறுத்தினேன். அம்மா சூரியனைப் பார்த்து, பின் இடது கோடியைப் பார்த்து, தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். அந்தக் கோடியில் சன்னலுக்கான சதுரத்தை நேற்றே அறுத்துவிட்டேன்.